தப்பிய காயும் கடல் தாண்டவில்லை

ஏலச்செடியைப் பார்த்திராதவர்கள் அது மிளகைப் போலக் கொடியில் காய்க்கும் என்றோ, காப்பியைப் போலக் கிளையில் காய்க்கும் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் தட்டைகளின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு தரையாகத் தவழும். பூ பூப்பதும் காய் பிடிப்பதும் அந்தச் சரத்தில்தான். காய்க்கும் மண்ணுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தால் அதிகம். காய் எடுக்கிற பெண்கள் நாள் முழுக்கக் குந்தியபடி தூருக்குத் தூர் நகர்வது அதனால்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால்தான் 2018இல் எங்கள் ஏலமலைக்கு என்ன நேர்ந்தது என்பது விளங்கும்.

எனக்கு வீடு போடிநாயக்கனூரில். தோட்டம் மலைக்கு மேலே, உடும்பன்சோலைப் பக்கம். மாமனார் காலத்தில் காடு திருத்தி வைத்த மூன்று ஏக்கர் சொச்சம். கணவர் காலமான பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இடுக்கியில் தோட்டம் இருப்பது புதிதல்ல. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கடந்து, பொழுது சாய இறங்குகிற கூலிப்பெண்களின் கால்களில்தான் அந்த மலையின் ஏலக்காய் நிற்கிறது. காய் விளைவது கேரளத்தில். எடுப்பவர்களும் தரம் பிரிப்பவர்களும் ஏலம் எடுப்பவர்களும் பெரும்பாலும் எங்கள் பக்கத்துச் சனங்கள்.

அந்த வருடம் வைகாசிக் கடைசியிலேயே மழை இறங்கிவிட்டது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். முந்தைய வருடங்களில் வெயிலில் காய்ந்த தூர்களெல்லாம் குருத்து விட்டுச் சரம் தள்ளியிருந்தன. "இந்த வருசம் காய் எடுக்க ஆள் காணாது பாருங்கக்கா" என்று எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் வேலை பார்க்கிற மூத்த பெண் சொன்னாள். கங்காணி என்று பெயருக்கு ஒருவர் இருந்தாலும் எந்தத் தூர் எப்படி இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஆனியில் மழை விடவில்லை. ஆடியிலும் விடவில்லை. அப்போதுதான் அழுகல் தெரிந்தது.

அழுகல் எங்கள் மலைக்குப் பழைய நோய். கேரளத்து ஏலத்தோட்டங்களில் இந்த நோய் இருப்பதை ஆய்வாளர்கள் 1972இலேயே எழுதிவிட்டார்கள். பைட்டோப்தோரா என்கிற, பூஞ்சணத்தைப் போன்ற ஒரு நுண்ணுயிர்தான் காரணம். மண்ணில் கிடக்கும். மழைக்காலத்தில் அது விடுகிற வித்துக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். இலைமேல், காய்மேல் படிகிற மெல்லிய நீர்ப்படலமே அதற்குப் போதும். மழைத்துளி விழுந்து சேறு தெறிக்கும்போது மண்ணிலிருந்து காய்க்கு ஏறிவிடும். தரையோடு கிடக்கிற சரத்துக்குத் தப்ப இடமில்லை.

முதல் நாள் காயின் தோலில் தண்ணீர் ஊறினாற்போல ஒரு திட்டு தெரியும். மழை ஈரம் என்று கடந்து போய்விடுவோம். இரண்டு மூன்று நாளில் அந்தத் திட்டு காய் முழுக்கப் பரவி, பச்சை மங்கி, தவிட்டு நிறமாகும். விரல் வைத்தால் தோல் வழுகும். மூக்கருகே கொண்டு போனால் ஏலக்காய் வாசம் துளியும் இருக்காது, ஊறிப்போன தோலின் நாற்றம் அடிக்கும். பிறகு காம்பு விட்டுப்போய்ச் சேற்றில் உதிரும். உதிர்ந்த காயிலிருந்து நோய் அடுத்த சரத்துக்கு நகரும். இலையிலும் நீர் கோத்த புள்ளிகள் விழும். அந்த இடம் காய்ந்து, நார் நாராகக் கிழிந்து தொங்கும். தோட்டத்துக்குள் நுழைந்ததும் கீழே பார்க்க வேண்டியதில்லை, இலையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. மழைக்கு முன்னால் வைகாசியில் ஒரு தடவை, நடுவில் மழை ஓய்கிற நாட்களில் இன்னொரு தடவை போர்டோ கலவை தெளிக்க வேண்டும். பிரான்சில் திராட்சைத் தோட்டங்களுக்கென்று 1880களில் கண்டுபிடித்த கலவை. துரிசும் சுண்ணாம்பும் தண்ணீரும் மட்டும்தான் அதில். முதல் தெளிப்பை நாங்கள் முடித்திருந்தோம். இரண்டாவதற்கு மழை இடமே கொடுக்கவில்லை. தெளித்தது இலையில் காய்ந்து ஒட்டச் சில மணி நேரமாவது வெயில் வேண்டும். அந்த ஆடி முழுக்க வானம் அதைக் கூடத் தரவில்லை. துரிசு மூட்டை தோட்டத்துக் கொட்டகையில் அப்படியே கிடந்தது.

ஆகஸ்ட் 9ஆம் தேதி இடுக்கி அணையின் செறுதோணி மதகைத் திறந்தார்கள். 26 வருடத்துக்குப் பிறகு முதல்முறை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எங்கள் தெருவில் யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் மழை இன்னும் வலுத்தது. மலைச்சாலைகளில் மண் சரிந்தது, மரங்கள் விழுந்தன, செல்போன் கோபுரங்கள் அணைந்தன. தோட்டத்து லயத்தில் தங்கியிருந்த குடும்பங்களிடமிருந்து தகவல் இல்லை. கேரளம் முழுக்க 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்த வெள்ளம் அது. இடுக்கியில் வீட்டோடு மண்ணுக்குள் போனவர்கள் இருக்கிறார்கள். அதன் முன்னால் என் காய் போனதைப் பேசுவது சரியா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஆனாலும் அந்த மலையில் உயிர் தப்பியவர்கள் மறுநாள் சோறு தின்ன வேண்டியது அந்தக் காயை வைத்துத்தான். அதனால் சொல்கிறேன்.

பாதை திறந்து மேலே போனபோது தூர்கள் சாய்ந்து கிடந்தன. காய் மட்டும் அழுகியிருந்தால் சரம் மறுபடி தள்ளும். கிழங்கும் அழுகியிருந்தது. தட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகியிருந்தது. சரிவின் மேல்பகுதியில், தண்ணீர் ஓடி வடிகிற இடத்தில் இருந்தவை பிழைத்தன. கீழே, நீர் தேங்கிய பள்ளத்தில் இருந்தவை ஒன்றும் மிஞ்சவில்லை. மூத்த பெண் ஒவ்வொரு தூராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, வடிகால் வெட்டுன பக்கம் நிக்கிது, வெட்டாத பக்கம் போச்சு" என்றாள். எத்தனையோ ஆய்வு நிலையங்களில் சொல்வதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

இதுவரை சொன்னது இயற்கையால் வந்த இழப்பு. அடுத்து நடந்ததை மனிதர்கள் நாங்களே செய்தோம். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மழை ஓய்ந்ததும் மலை முழுக்க மோட்டார் பம்புகளின் சத்தம் கிளம்பியது. பாதித் தோட்டம் போய்விட்டது, மிஞ்சிய காயாவது நிற்க வேண்டும் என்கிற பயம். விலையும் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு காயும் சொறி விழக் கூடாது, ஒரு சரத்திலும் புழு துளைக்கக் கூடாது. இலைப்பேன் சுரண்டிய காயில் சொறி படியும், வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் அழுகலுக்கு அடிக்கிற மருந்தோடு பூச்சி மருந்தையும் சேர்த்துக் கலந்தார்கள். இரண்டு பூச்சி மருந்தைக் கலந்தவர்கள் உண்டு. மூன்று கலந்தவர்களும் உண்டு. அழுகலைப் பூச்சி மருந்து எதுவும் செய்யாது. அது பூச்சியால் வருகிற நோயே இல்லை. ஆனால் பயந்தவனிடம் விற்பது சுலபம். 2011இல் கேரள அரசு கடுமையான பல மருந்துகளைத் தடை செய்தது. போரேட், மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், டிரையசோபாஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் அப்போது அந்தத் தடை இல்லை. மலைக்குக் கீழே வாங்கி ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டு போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். வேலியோரம் நின்று, "என்ன மதினி, இன்னும் மருந்தடிக்கலையா? பதினஞ்சு நாளைக்கு ஒருக்க அடிச்சாத்தான் காய் நிக்கும்" என்றார்.

"புழுவே காணோமே கொழுந்தனாரே, எதுக்கு அடிக்க?"

"வந்தப்புறம் அடிச்சு என்ன பிரயோசனம்? எல்லாரும் அடிக்கிறாக. நீங்க அடிக்கலைன்னா அங்கெருந்து எல்லாம் ஒங்க தோட்டத்துக்குத்தான் வரும்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். அந்த மலையில் மருந்தடிப்பது பூச்சியைப் பார்த்து இல்லை, காலண்டரைப் பார்த்து. நட்டத்துக்குப் பயந்து பக்கத்துக்காரர் செய்வதை நாமும் செய்கிறோம், நம்மைப் பார்த்து அடுத்தவர் செய்கிறார்.

ஏலப்பூவின் ஆயுசு ஒரே நாள். அந்த ஒரு நாளுக்குள் தேனீ வந்து போனால்தான் காய். காலையில் பூ விரிகிற நேரத்தில் பம்பு ஓடினால் தேனீ எங்கே வரும்? அந்தக் கார்த்திகையில் பூ இருந்தது, தேனீயின் ரீங்காரம் இல்லை. மருந்தடித்த மறுநாளே காய் எடுக்க அனுப்பப்பட்ட பெண்கள், ஜீப்பில் இறங்கி வரும்போது தலைவலி, வாந்தி என்று சொன்னார்கள். கையுறை எந்தத் தோட்டத்திலும் நான் பார்த்ததில்லை. இந்த விஷயம் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் வராது. வர வேண்டும்.

மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் காய் எடுக்க வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். பொடி எழுத்தில். விலை ஏறுகிற சமயத்தில் யார் காத்திருப்பார்கள்?

இனி கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஏலக்காய்க்கு நெடுநாள் வாடிக்கைக்காரர்கள் அரபு நாட்டார்தான், அதிலும் சவூதி அரேபியாவே முதன்மை. அவர்கள் கஹ்வா என்கிற காப்பியில் ஏலக்காயைத் தாராளமாகப் போடுவார்கள். விருந்தாளி வந்தால் அதுதான் முதல் உபசாரம். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமன், நல்ல பச்சை, உள்ளே கருத்த அரிசி. இப்படிப்பட்ட காய்க்கு அவர்கள் கொடுத்த விலையில்தான் போடியில் பல வீடுகள் எழும்பின. உலகத்திலேயே அதிகம் ஏலக்காய் விளைந்தது அப்போது நம் நாட்டில் அல்ல, குவாத்தமாலாவில். நம் மலையிலிருந்து போன செடி, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேர் பிடித்தது. அவர்கள் காய் மலிவு. மணத்தாலும் நிறத்தாலும் நம் காய் கூடுதல் விலைக்குப் போனது. நமக்கு இருந்த ஒரே பலம் அந்தப் பெயர்.

2018இல் சவூதி அரேபியா நம் ஏலக்காயைத் திருப்பத் தொடங்கியது. காரணம், காயில் தங்கியிருந்த பூச்சி மருந்தின் எச்சம். சரக்கை வாங்கி ஏற்றுமதிக்குச் சேர்த்துக் கொடுக்கிற வயதான வியாபாரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "தாயி, காயில பருமன் இருக்கு, பச்சை இருக்கு, எல்லாம் இருக்கு. முன்னெல்லாம் அவன் கண்ணால பாத்து வாங்கினான். இப்ப மெசின்ல பாக்கிறான். மெசினுக்கு நம்ம என்ன சொல்லி வெளங்கவைக்க?"

மெசின் என்ன பார்க்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, ஐரோப்பிய நாடுகளில் ஒரு மருந்துக்கென்று தனி வரம்பு வகுக்காவிட்டால் பொதுவாக வைக்கிற எல்லை, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு டன் ஏலக்காயில் 10 மில்லிகிராம் மருந்து. அவ்வளவுதான் அனுமதி. ஏலக்காயில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் அறையில் வைத்து ஒரு நாள் பொழுது உலர்த்தினால் ஒரு கிலோ உலர்காய் கிடைக்கும். எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராகப் போய்விடுகிறது. மருந்து அந்தத் தண்ணீரோடு அப்படியே போய்விடாது. பச்சைக்காயில் சொற்பமாக இருந்தது உலர்காயின் கணக்கில் பெரிதாகத் தெரியும். எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வியாபாரிகளுக்கே அப்போது தெரியவில்லை.

தெரிந்தபோது பழி எங்கே இறங்கியது என்பதையும் சொல்கிறேன். அந்த வருடம் நான் பூச்சி மருந்தை ஒதுக்கி, போர்டோவோடு நிறுத்திக்கொண்டேன். பிழைத்த மேல்சரிவில் கிடைத்த கொஞ்சம் காயை ஏல மையத்துக்குக் கொண்டு போகாமல் நேரடியாக ஒரு வியாபாரிக்குக் கொடுத்தேன். பாதிப் பணம் கையில், மீதி சரக்கு போன பிறகு என்பது பேச்சு. சரக்கு திரும்பியது, மீதியும் வரவில்லை. போய்க் கேட்டேன். என் காயில் மருந்து இருந்ததென்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "ஒங்க காயிலதான் இருந்துச்சுன்னு நான் சொல்லலம்மா. ஒங்க காயில இல்லேன்னு நீங்களும் சொல்ல முடியாதுல்ல" என்றார்.

அந்தப் பதிலில் எல்லாமே இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகிற ஒரு மூட்டையில் நாற்பது தோட்டத்துக் காய் கலந்திருக்கும். பல பேரிடம் வாங்கி, சல்லடையில் சலித்து, பருமன் வாரியாகப் பிரித்து, நிறம் பார்த்துச் சேர்ப்பார்கள். எந்தக் காய் எந்தத் தோட்டத்தது என்று அதன்பின் கடவுளுக்குத்தான் தெரியும். மருந்தை நிறுத்தியவருக்கும் மூன்று மருந்து கலந்தவருக்கும் ஒரே விலை. நல்லபடி செய்தால் ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது என்றால், செய்ய வேண்டும் என்று எந்த முகத்தோடு ஒரு கூலிக்காரரிடமோ மூன்று ஏக்கர்க்காரரிடமோ சொல்வது? விவசாயிக்குப் பேராசை, விவரம் போதாது என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

அதன்பின் வந்தது 2019. முந்தைய வருடத்து அழுகல், ஐப்பசி கார்த்திகையில் கஜா புயலோடு வந்த மழை, அதை ஒட்டி வந்த கடும் வெயில், எல்லாம் சேர்ந்து சந்தையில் காய் இல்லை. ஆகஸ்ட் 3ஆம் தேதி இடுக்கியின் புற்றடி ஏல மையத்தில் ஒரு குவியல் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய வருடத் தொடக்கத்தில் ஆயிரத்தை ஒட்டி இருந்த விலை அது. போடியில் பட்டாசு வெடித்தார்கள். தோட்டங்களில் இரவு காவல் போட்டோம். சரத்தோடு அறுத்துக்கொண்டு போகிற திருட்டு நடந்தது. கொடுக்கக் காய் இல்லாதவர்கள் வானொலியில் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த விலைதான் எங்கள் கண்ணை மறைத்தது. உள்நாட்டிலேயே இவ்வளவு கிடைக்கும்போது சவூதிக்காரன் வாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன என்று பேசினார்கள். ஏற்றுமதி பாதிக்கும் கீழே விழுந்தது, யாரும் அழவில்லை. காப்பி பிடுங்கி ஏலம் வைத்தார்கள், மிளகு பிடுங்கி ஏலம் வைத்தார்கள், கடன் வாங்கிக் குத்தகைக்கு எடுத்தார்கள். புதிதாக வைத்த செடிக்கும் அதே காலண்டர், அதே பம்பு. 2020இல் ஊரடங்கு வந்து போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் அடைபட்டன, கூலிப்பெண்கள் மலையேற முடியாமல் காய் சரத்திலேயே பழுத்து வெடித்தது. அது தனிக் கதை. புதுத் தோட்டங்கள் காய்க்கத் தொடங்கின, விலை இறங்கியது. 2022இல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே. கூலியும் உரமும் மருந்தும் கூட்டினால் செலவே கட்டாத விலை. மிச்சக் காயை எடுத்துக்கொள்ள வெளிநாட்டுச் சந்தை வேண்டும் என்று எல்லோரும் அப்போதுதான் தேடினோம். நாம் விட்டுப்போன இடத்தில் குவாத்தமாலா காய் உட்கார்ந்திருந்தது.

அழுகலை மருந்துக் கடைக்குப் போகாமல் பெருமளவு தடுக்க முடியும் என்பதற்கு எங்கள் மலையிலேயே சாட்சி உண்டு. சாந்தன்பாறைக்கு மேலே ஒரு மலையாளப் பெரியவரின் தோட்டத்தை 2019 வைகாசியில் போய்ப் பார்த்தேன். வெள்ளத்து வருடத்தில் அவருக்குப் போனது கொஞ்சம்தான். மழைக்கு முன்னமே நிழல் மரங்களின் கிளைகளை அளவாகக் கழித்து வெளிச்சம் உள்ளே விழும்படி செய்திருந்தார். காய்ந்த தட்டைகளையும் சருகையும் தூரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். இரண்டு வரிசைக்கு ஒரு வடிகால். சரங்கள் சேற்றில் புதையாமல் எடுத்து மேலே விட்டிருந்தார்.

போர்டோவை அவர் யாரையும் கலக்க விடமாட்டார். ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் ஒரு கிலோ துரிசை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்தார். இன்னொன்றில் ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பை 50 லிட்டரில் கரைத்து வடிகட்டினார். இரும்புப் பாத்திரம் ஆகாது, துரிசு இரும்பை அரிக்கும். துரிசு நீரைச் சுண்ணாம்பு நீரில் மெதுவாக ஊற்றிக்கொண்டே குச்சியால் கலக்கினார். இளநீலமாகத் திரண்டு வந்தது. பிறகு இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்துக் கல்லில் பளபளவென்று தேய்த்து, கலவையில் சிறிது நேரம் முக்கிப் பிடித்து வெளியே எடுத்தார். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தது. "போரா" என்று தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றினார். மறுபடி முக்கினார். கத்தி வெள்ளையாகவே வந்தது. இப்போது தெளிக்கலாம் என்றார். செம்பு படிந்தால் கலவையில் அமிலம் மிச்சம் இருக்கிறது, இலையைக் கருக்கிவிடும். கலக்கிய அன்றே தெளித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீண்.

தெளித்து இரண்டு வாரம் கழித்து, வேப்பம்புண்ணாக்கும் மக்கிய சாணமும் சேர்த்து வளர்த்த டிரைக்கோடெர்மாவைத் தூரைச் சுற்றிப் போடுவார். அது நன்மை செய்யும் பூஞ்சணம், மண்ணிலிருக்கிற நோய்க்கிருமியைத் தின்று அடக்கும். போர்டோவோடு சேர்த்துப் போட்டால் துரிசு இதையும் கொன்றுவிடும், அதனால்தான் இடைவெளி. இடுக்கி மயிலாடும்பாறையில் 1978 முதல் இருக்கிற ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இதையெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. கட்டே நோய்க்கும் இதே பாடம்தான். அது அசுவினி பரப்புகிற நச்சுயிரி. வந்த தூருக்கு மருந்தே கிடையாது, பிடுங்கி அழிப்பது ஒன்றே வழி. காய்க்கிற தூரைப் பிடுங்க மனம் வராமல் மருந்தடித்துப் பார்த்த தோட்டங்கள் முழுசாகப் போயின.

நான் அடுத்த வருடமே கீழ்ப்பள்ளத்தில் வடிகால் வெட்டினேன். மூத்த பெண்தான் கோடு போட்டுக் காட்டினாள், தண்ணீர் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அதன்பின் மழை மிகுந்த வருடங்களிலும் அழுகல் வந்தது, ஆனால் தோட்டம் சாயவில்லை. பூச்சி மருந்தைக் கண்ணால் புழுவைப் பார்த்த இடத்தில் மட்டும், பிற்பகலில், காய் எடுப்பு முடிந்த கையோடு அடிக்கிறோம். காய் கொஞ்சம் குறைகிறது. சொறிக்காய் கூடுகிறது. செலவு அதைவிடக் குறைகிறது.

நறுமணப் பொருள் வாரியம் பின்னாளில் பரிசோதனை செய்த காய்க்கென்று தனி ஏலம் நடத்திப் பார்த்தது. நல்ல காரியம். அது எப்போதாவது நடக்கிற விசேஷமாக இல்லாமல், போடியிலும் புற்றடியிலும் அன்றாட நடைமுறையாக வேண்டும். ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு குவியலுக்கும் முன்கூட்டியே சோதனைச் சீட்டு இருக்கட்டும். எந்தத் தோட்டத்துக் காய் என்பது அதில் எழுதியிருக்கட்டும். சுத்தமான காய்க்குக் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கும் என்று தெரிந்தால், மலையில் பாதிப் பம்புகள் அந்த மாதமே நிற்கும். எங்கள் சனங்களை எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் தோட்டக்காரர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்களிடம் கேட்க ஒன்று உண்டு. ஏற்றுமதிக்கு ஆகாதென்று திரும்பிய காய் கடலில் கொட்டப்படவில்லை. அது நம் ஊர்ச் சந்தைக்கே வந்தது, நம் பாயசத்திலும் தேநீரிலும் கலந்தது. சவூதிக்காரர் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்றதை நம் பிள்ளைக்குக் கொடுத்தோம். வெளிநாட்டுக்குப் போகிற காய்க்குச் செய்கிற சோதனையை உள்ளூர்க் கடைக்கு வருகிற காய்க்கும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மளிகைக் கடையில் கேளுங்கள், உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டால் ஏலமலைக்காரர்களின் கோரிக்கை என்று ஓர் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் நீங்கள் கேட்டால் நடக்கும்.